'ஏன் 41 நிமிடம்?' – சாண ஈயும் பாலைப்பழமும் சொல்லித்தந்த பாடம்

விலங்கு நடத்தைப் பாடத்தின் முதல் பரீட்சையில் எனக்கு மிகக் குறைந்த புள்ளிதான் வந்தது. பூச்சிகள் இணைசேர்வது பற்றிய கேள்வி. ஜெஃப்ரி பார்க்கர், மஞ்சள் சாண ஈ, 36 நிமிடம், 41 நிமிடம் என்று எல்லாவற்றையும் பாடமாக்கி அப்படியே எழுதியிருந்தேன். ஆனால் கேட்டிருந்தது 'ஏன் 41?' என்றுதான்; அதாவது, ஆண் ஈ பெண்ணோடு 41 நிமிடம் சேர்ந்திருப்பதே அதற்கு மிக இலாபம் என்று பார்க்கரின் கணக்கு ஏன் சொல்கிறது என்று. அதற்கு ஒரு வரிகூட எழுதவில்லை. இந்தப் பாடத்தை எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்காக, அது எனக்கு எப்படி விளங்கியது என்று சொல்கிறேன்.

பார்க்கர் 1960களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டத்துக்குப் படித்தவர். மேய்ச்சல் நிலத்தில் புதிதாக விழுந்த சாணியருகே இருந்து, ஈக்களை நிமிடக் கணக்கில் பார்த்து எழுதினார். பெண் ஈ முட்டையிடச் சாணிக்கு வந்தே ஆகவேண்டும். அதனால் ஆண்கள் அங்கேயே காத்திருக்கும். ஓர் ஆண் பெண்ணோடு சராசரியாக 36 நிமிடம் சேர்ந்திருக்கும். பிறகும் போகாது; பெண் முட்டையிட்டு முடிக்கும்வரை காவல் நிற்கும். கடைசியாகச் சேர்ந்த ஆணே ஏறத்தாழ 80 வீதமான முட்டைகளைக் கருக்கட்டச் செய்கிறது. விட்டுப் போனால் இன்னொன்று வந்துவிடும். இணைசேர்ந்த பிறகும், பெண்ணின் உடலுக்குள் விந்துகளுக்கிடையே போட்டி தொடர்கிறது என்று அவர் 1970இல் எழுதிய கட்டுரை பூச்சியியலையே திருப்பிப்போட்டது.

சரி, 41 எங்கிருந்து வந்தது? விடுமுறையில் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துப் பக்கம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தேன். பாலைப்பழக் காலம். காட்டுக்குள் நடந்து போய் ஒரு பாலையில் ஏறினால் முதலில் கை நிறையப் பழம் வரும். நேரம் போகப்போக எட்டாத கொப்புகள்தான் மிஞ்சும். அடுத்த மரம் பக்கத்தில் என்றால் உடனே இறங்கிவிடுவோம். தூரம் என்றால் இன்னும் கொஞ்சம் ஆய்ந்துவிட்டுத்தான் இறங்குவோம். ஆண் ஈயின் கணக்கும் இதேதான். சேர்ந்திருக்கும் நேரம் நீள நீள, அதற்குக் கிடைக்கும் முட்டைகளும் கூடும். ஆனால் முட்டைகள் கூடும் வேகம் குறைந்துகொண்டே போகும். அடுத்த பெண்ணைத் தேடவும் காவல் நிற்கவும் சராசரியாக 156 நிமிடம் செலவாகிறது. கிடையாகச் சேர்ந்திருக்கும் நேரத்தையும் நிலைக்குத்தாக முட்டைகளையும் வைத்து வளைகோட்டை வரையுங்கள். பூச்சியத்துக்கு இடப்பக்கம் 156ஐக் குறித்து, அங்கிருந்து வளைகோட்டுக்குத் தொடலி, அதாவது அதைத் தொட்டு மட்டும் செல்லும் நேர்கோடு, வரையுங்கள். அது தொடும் இடத்தில்தான் செலவான மொத்த நேரத்துக்கு நிமிடத்துக்கு மிகக் கூடிய முட்டை கிடைக்கும்; அதுதான் 41. எதிர்வுகூறியது 41, கண்டது 36 என்ற வித்தியாசத்தையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அதே உற்சாகத்தில், இறுதியாண்டு ஆய்வுக்குக் குளக்கட்டுத் தும்பிகளை எடுத்தேன். மாரி முடிந்த பிறகு, வெயில் ஏறியதும் போய் இருப்பேன். தும்பிக்கு உடம்பு சூடாக வேண்டும். விடிய ஆறு மணிக்குப் போய்ப் பயனில்லை. மிதிவெடிப் பலகை நிற்கும் பக்கமோ, முதலை இருக்கிறது என்று ஊரவர் சொல்லும் பக்கமோ தயவுசெய்து போகவேண்டாம்.

முதல் இரண்டு கிழமைக் குறிப்பை முழுவதுமாகக் கைவிடவேண்டி வந்தது. 'ஆண் பெண்ணைப் பாதுகாத்தது' என்று எழுதியிருந்தேன். அது நான் நினைத்தது, கண்டது அல்ல. 'பெண் முட்டையிட்டது, ஆண் அதற்கு மேலே பறந்தபடி நின்றது, இன்னோர் ஆண் வந்தது, முதலாவது துரத்தியது, 10.42' என்று எழுதவேண்டும். இன்னொரு பிழை இதைவிடப் பெரியது. சில இனங்கள் பறந்தபடியே சில வினாடிகளில் சேர்ந்து பிரிந்துவிடும்; வேறு சில நிமிடக்கணக்கில் புல்லில் தொங்கும். நீண்ட நேரம் சேர்ந்திருக்கும் சோடிகள்தான் கண்ணில் படும். அதனால் என் சராசரி உண்மையைவிடக் கூடிப்போனது. பிறகு ஒரே ஆணைத் தெரிவுசெய்து, அரை மணித்தியாலம் அதை மட்டும் பார்த்தேன். தொடக்கத்தைத் தவறவிட்ட சோடிகளுக்குக் கொப்பியில் தனி நிரல் போட்டேன்.

அப்பப்பா பட்டி மாடுகளைச் சாய்த்துக்கொண்டு அந்த வழியால்தான் போவார்.

"என்ன பிள்ளை, தும்பி பிடிக்கிறியோ?"

"இல்லை அப்பப்பா, பாத்து எழுதுறன்."

தும்பி எப்படிச் சேருகிறது என்று பார்ப்பதாகச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அதனால் சாணியருகே இருந்த அந்த வெள்ளைக்காரரின் கதையைச் சொன்னேன். முழுவதும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாள் விடிய என் அறைக் கதவைத் தட்டினார்.

"பட்டியடியில ஈ வந்திட்டுது. கொப்பியை எடுத்துக்கொண்டு கெதியா வா."