ஜாம் போத்தல் கரியும் மாமியின் மஞ்சள் பேணியும்

எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தா என்று செயலாளர் நாலு தடவை கேட்டுவிட்டான். பிக் மட்ச் கிரிக்கெட் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள், விடுதிப் பருப்பைப் பற்றி எழுதவும் வரிசையில் நிற்கிறார்கள். நான் அந்த இரண்டிலும் பெரிதாக ஒன்றும் கிழித்தவனில்லை. ஆகவே மூக்குச்சளியைப் பற்றி எழுதப் போகிறேன், முகம் சுளிக்காமல் வாசியுங்கள்.

94 இல் ஏ.எல். (உயர்தரச் சோதனை) எடுத்த எங்கள் வகுப்புக்காரருக்கு உடனே விளங்கியிருக்கும். யாழ்ப்பாணத்தில் 90 ஆம் ஆண்டு சண்டை தொடங்கியதோடு போன கரண்ட், நாங்கள் சோதனை எழுதி முடிக்கும் வரைக்கும் திரும்பி வரவே இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, அதை நனைக்க அளவாக மண்ணெண்ணெய், கம்பியில் ஒரு திரி. எண்ணெய் விற்ற விலைக்கு அதிலேயும் திரியைக் குறைத்துக் குறைத்துத்தான் படித்தோம், எழுத்துத் தெரியவேண்டும் என்பதற்காக முகத்தை விளக்குக்குள் விடாத குறையாக. விடிய எழும்பிக் கிணற்றடியில் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கைலேஞ்சியில் இரண்டு கரி வட்டம். அதை யாரும் வருத்தம் என்று நினைக்கவில்லை, கூடக் கறுப்பு வந்தவன் கூடப் படித்தவன் என்றுதான் கணக்கு.

எங்கள் பௌதிக சேர் (பெயர் போட்டால் பேசுவார், உங்களுக்கு ஆளைத் தெரியும்) ஒருநாள் ஆய்வுகூடத்தில் வெள்ளைக் கடதாசியைச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி ஆளுக்கு நாலு தந்தார். ஒரு பக்கம் தேங்காய் எண்ணெய் பூசுங்கோ, ஒன்றை விளக்கடியில் வையுங்கோ, ஒன்றை யன்னல் கட்டில், ஒன்றை முற்றத்துக் கொடியில், நாலாவதை நூலில் கட்டி நீங்கள் குனிந்து படிக்கேக்கை மூக்கு இருக்கிற இடத்தில் தொங்க விடுங்கோ என்றார். இரவு முழுக்க அது என் நெற்றியில் முட்டி முட்டிக் கரைச்சல் தந்தது. அடுத்த நாள் மேசையில் எல்லாவற்றையும் பரப்பினோம். முற்றத்துக் கடதாசியில் கொஞ்சம் செம்மண் தூசி, யன்னல் கட்டில் அதைவிடக் கொஞ்சம் கூட. மூக்கடிக் கடதாசி மட்டும் பழைய அலுமினியப் பானையின் நிறத்தில் இருந்தது. சேர் அதைத் தூக்கிப் பிடித்து, "வீட்டுக் காத்து எப்பிடி எண்டு கேக்காதேங்கோ, உங்கட மூக்குக் காத்து எப்பிடி எண்டு கேளுங்கோ" என்றார். சோதனைக்கு வராத விஷயம் என்பதால் ஒருவரும் குறிப்பெடுக்கவில்லை.

இன்றைக்கு என் வேலையே அந்த நாலாவது கடதாசிதான். உடம்பில் கொளுவிக்கொண்டு திரியும், காற்றை அளக்கிற சென்சர் செய்கிறோம். தொழிற்சாலைப் பாதுகாப்பில் மூக்கையும் வாயையும் சுற்றி ஏறத்தாழ 30 சென்ரிமீற்றருக்குள் இருக்கும் காற்றைத்தான் ஒருவர் சுவாசிக்கும் வெளி என்று கணக்கெடுப்பார்கள், அதனால்தான் அளக்கும் பெட்டியைக் கொலரில் மாட்டுவது. கூரையில் நிற்கிற அரசாங்கக் கருவி ஊருக்குச் சரியாகச் சொல்லலாம், அடுப்படியில் குந்தியிருக்கும் ஆளுக்கு அது சொல்வது அவ்வளவாகப் பொருந்தாது.

ஆனால் நான் இந்தப் பக்கம் வந்தது சேரின் புண்ணியத்தில் என்று சொன்னால் அது பொய். பயத்தில் வந்தேன். 2013 டிசெம்பர், கிறிஸ்மசுக்கு முதல் ரொறன்ரோவில் ஐஸ் மழை கொட்டியது உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். மரங்கள் ஐஸ் பாரத்தில் முறிந்து கம்பிகளில் விழுந்து, நகரத்தில் மட்டும் மூன்று லட்சம் இணைப்புகளுக்கு மின்சாரம் இல்லை. ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் அப்போது பதினொரு பேர். நாங்கள் யாழ்ப்பாணத்தார், எங்களுக்குக் கரண்ட் இல்லாமல் இருக்கத் தெரியாதா என்று ஒரே பெருமை. ஐந்து வருஷம் போத்தல் விளக்கில் இருந்தவர்களுக்கு இரண்டு நாள் என்ன பெரிய விஷயம்? மச்சான் ஒருவர் பாபிகியூ அடுப்பைக் கரியோடு பேஸ்மெண்டுக்குள் இறக்கினார். கணகணவென்று நல்ல சூடு. புகையே இல்லை, தணல் மட்டும்தான். குழந்தைகள் சுற்றியிருந்து பழைய கதை கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தலை இடிக்குது என்றார்கள், குளிருக்குத்தான் என்று பனடோல் கொடுத்தோம். இரவு இரண்டு மணிக்கு மேல்மாடியில் இருந்த அலாரம் அலறியது. எனக்குப் பற்றரி முடிகிற சத்தமோ என்றுதான் முதலில் தோன்றியது. பற்றரியைக் கழற்றப் போனவனை மகள் பிடித்து இழுத்தாள்.

எல்லோரும் தப்பினோம், ஒரு இரவு முழுக்க முகத்தில் ஒட்சிசன் மாஸ்க்கோடு. தணலில் இருந்து வரும் காபனோரொட்சைட்டு (காபன் மொனொக்சைட்) வாயு இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினை ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடிக்கும் என்று ஏ.எல். இரசாயனத்தில் எழுதி மார்க்ஸ் எடுத்தவன் நான். நிறமில்லை, மணமில்லை என்றும் எழுதினேன். அப்படிப்பட்ட ஆள்தான் தணலைச் சுற்றிப் பாய் விரித்தேன். ஊரில் அதே தணலை வைத்திருந்தால் இந்தளவுக்கு வந்திராது, ஏனென்றால் எங்கள் வீடுகளில் ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் காகம் வந்து போகும். கனடா வீடு சூடு வெளியே போகாமல் அடைத்துக் கட்டியது, சூடு போகாத இடத்தில் வாயுவும் போகாது. நாங்கள் கொண்டு வந்த பழக்கத்துக்கு நாங்கள் விட்டு வந்த கூரை வேண்டும், அதைத்தான் மறந்துவிட்டோம்.

இன்னொன்று. அந்த அலாரம் வாயு பட்டவுடனே அடிக்காது. 70 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 70 பங்கு வாயு) என்றால் ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகுதான், 400 என்றால் 4 இலிருந்து 15 நிமிடத்துக்குள். சும்மா சும்மா அடித்தால் சனம் கழற்றி எறிந்துவிடும் என்பதால் அப்படி. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அது மேல்மாடிச் சுவரில் இருந்தது, நாங்கள் பேஸ்மெண்டில் இருந்தோம். அன்றைக்குத்தான் நெற்றியில் முட்டிய கடதாசி ஞாபகம் வந்தது.

முதல் பெட்டியைக் கராஜில் வைத்துச் செய்தேன். வாயுவுக்கு ஒரு மின்வேதியியல் சென்சர், தூசிக்கு ஒரு லேசர் சென்சர். இந்த லேசர்காரன் செய்வது எளிய வேலை: சின்ன விசிறி காற்றை உள்ளே இழுக்கும், லேசர் கதிரில் தூசி பட்டுச் சிதறும் வெளிச்சத்தைப் பார்த்து எத்தனை துணிக்கை, என்ன பருமன் என்று கணக்குப் போடும். 2.5 மைக்ரோமீற்றருக்குக் குறைந்ததுதான் நுரையீரலின் அடிவரைக்கும் போவது. ஆனால் விசிறி பற்றரியைக் குடித்துவிடும். சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் எழுப்புவோம் என்று செய்தேன், எழும்பி 30 விநாடி கழித்துத்தான் நம்பக்கூடிய அளவு தரும். பார்த்தால் வீட்டில் தாளிதம் போடும்போது பெட்டி நித்திரை. செத்தல் மிளகாயும் கடுகும் வெடித்து வீடே இருமுகிறது, இவர் குறட்டை. பிறகு மலிவான ஒரு வாயுச் சென்சரைக் காவலுக்கு வைத்து, அது சந்தேகப்பட்டால் லேசரை எழுப்பு என்று மாற்றினேன். அதுவும் கை கழுவுகிற சனிரைசருக்கெல்லாம் சந்தேகப்பட்டது, கலியாணவீட்டில் ஒரு பெரியப்பா கட்டிப்பிடித்துச் சுகம் விசாரித்தபோதும் சந்தேகப்பட்டது. அவர் என்ன குடித்திருந்தார் என்பது குடும்ப இரகசியம்.

இரண்டு வருஷத்துக்கு முன் தை மாதம் ஊருக்குப் போனபோது ஒரு பெட்டியைக் கோப்பாயில் மாமியிடம் கொடுத்தேன். மாமியிடம் காஸ் அடுப்பு இருக்கிறது. 2022 இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது விறகுக்கு மாறினவ, பிறகு காஸ் வந்தும் குசினியில் பனையின் ஊமலும் கங்குமட்டையும்தான். சும்மா கிடக்கிறதை எரிக்காமல் காசு குடுத்து ஏன் எரிப்பான் என்பது அவவின் வாதம், அதற்கு என்னிடம் பதில் இல்லை. சட்டையில் குத்திக்கொண்டு சமையுங்கோ மாமி என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனேன். மூன்று நாள் ஃபோனில் பார்க்கிறேன், 9, 11, 10. உலக சுகாதார நிறுவனம் இந்தச் சின்னத் தூசி ஒரு கன மீற்றர் காற்றில் ஒரு நாள் சராசரி 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது, மாமியின் குசினி அதற்கும் கீழே. ஆகா, காற்றோட்டமான வீடு என்று சந்தோஷப்பட்டு நண்பர்களுக்கும் அனுப்பிவிட்டேன்.

திரும்பிப் போய்ப் பார்த்தால் பெட்டி மஞ்சள் பேணிக்குள் இருக்கிறது, மூடி போட்டு.

"விலை கூடின சாமான் எண்டியள் தம்பி. புகை பட்டால் பழுதாப் போயிடும் எண்டு பத்திரமா வைச்சனான்."

அதற்குப் பிறகு நானே பக்கத்தில் இருந்து குத்திவிட்டேன். விடிய ஐந்தரைக்கு மாமி பன்னாடையில் நெருப்பு மூட்டிக் குனிந்து ஊதுகிறா. 40, 180, 460. பிறகு 700 ஐத் தாண்டியது, அந்தச் சென்சரை 500 வரைக்கும்தான் முழுதாக நம்பலாம், ஆகவே அதற்கு மேல் சொன்னதை நான் எழுதி வைக்கவில்லை. அதே நேரம் குசினி வாசலில் நான் வைத்திருந்த இரண்டாவது பெட்டியில் 60 தான். நாலு அடி தூரம். தைப் பனிக்கும் எண் கொஞ்சம் ஏறும், ஈரத்தில் துணிக்கை பருத்துவிடுவதால், அதைக் கழித்த பிறகும் இதுதான். மாமிக்கு எண்களில் ஈடுபாடு இல்லை. ஆனால் பெட்டியில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு லைட் உண்டு, ஊதுகுழலை எடுத்துத் தள்ளி நின்று ஊதினால் சிவப்பு மஞ்சளாகிறது என்பதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டா. மேற்குப் பக்க யன்னலில் கிடந்த உரப்பையையும் அன்றைக்கே கழற்றினா. நான் ஒரு சொல் சொல்லவில்லை. விறகை நிற்பாட்டுங்கோ என்று சொல்லியிருந்தால் பெட்டி திரும்பவும் பேணிக்குள் போயிருக்கும்.

இப்போதும் தரவு வந்துகொண்டிருக்கிறது. பின்னேரம் ஐந்து மணிபோல் சமையல் இல்லாத நேரத்தில் ஒரு சிவப்பு, கிழமைக்கு இரண்டு மூன்று தரம். சாம்பிராணியா, நுளம்புத்திரியா என்று மண்டையைப் போட்டு உடைத்துவிட்டு ஃபோன் எடுத்தேன்.

"அது பக்கத்து வீட்டுக்காரி குப்பை கொளுத்திறவள். எத்தினை வருஷமாச் சொல்லுறன், உங்களுக்குத்தான் மணக்குது எண்டுவாள். இப்ப நான் பெட்டியை வேலிக்குக் கொண்டு போய்க் காட்டிறனான்."

"அவ என்ன சொல்லுறா மாமி?"

"தனக்கும் ஒண்டு வேணுமாம்."

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், சின்னப் பார்சல்தான்.