ஃபுரோஷிகி: இரட்டை பாட்டில் கட்டு கைவந்துவிட்டது

பொருளைச் சுற்றிக் கட்டித் தூக்கிப்போக ஜப்பானில் பயன்படுத்தும் சதுரத் துணிதான் ஃபுரோஷிகி. இரண்டு பாட்டில்களை அப்படி ஒரே துணியில் கட்டுகிற கட்டு ஒருவழியாக எனக்குக் கைவந்துவிட்டது. 720 மில்லி சாக்கே (அரிசி மது) பாட்டில் இரண்டு, 90 செ.மீ. துணி. கையில் தூக்கிக்கொண்டு கியோத்தோ நகரப் பேருந்தில் நின்றபடியே போனேன். பாட்டில்கள் முட்டிக்கொள்ளவில்லை, முடிச்சு ஒரு நூல்கூட நகரவில்லை. போன வீட்டில், எல்லார் முன்னாலும் ஒரே இழுப்பில் அவிழ்ந்தது. எனக்கு அந்த அவிழ்ந்த விதம்தான் பெரிய சந்தோஷம்.

பாட்டில்களை மூலைவிட்டத்தின் போக்கில் அடியும் அடியும் பார்க்கப் படுக்கவைத்து, துணியோடு சுருட்டி, நிமிர்த்தி, மேலே வரும் இரு முனைகளையும் முடிச்சிட வேண்டும். அந்த வேலை சுலபம்தான். பாடாய்ப் படுத்துவது இரண்டு அடிகளுக்கும் நடுவில் விடும் இடைவெளி. குறைந்தால் பாட்டில்கள் நிமிரும்போது அடி சரியாக உட்காராது. கூடினால் நடுவில் துணி தொங்கும். என் கைக்கு ஓர் உள்ளங்கை அகலம் சரியாக வருகிறது. கணக்கும் ஒத்துப்போகிறது: 90 செ.மீ. துணிக்கு மூலைவிட்டம் ஏறக்குறைய 127. படுத்த பாட்டில்கள் 60, இடைவெளி 8. மிச்சம் 59, அதாவது பக்கத்துக்கு 30க்குக் கொஞ்சம் குறைவு. முடிச்சுக்கும், அதிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனிகளான காதுகளுக்கும் தாராளம். 70 செ.மீ. துணியில் மூலைவிட்டமே 99தான். பக்கத்துக்குப் பதினைந்து மிஞ்சினால் அதிகம். விரல் நுனி வலிப்பதுதான் மிச்சம்.

இப்போது மேலே போடும் அந்த முடிச்சுக்கு, அதாவது மா-முசுபிக்கு வருகிறேன். என் நேரம் முழுவதும் அதில்தான் போயிற்று. இடது முனையை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. அப்போது மேலே இருந்த அதே முனைதான் இரண்டாவது சுற்றிலும் மேலே போக வேண்டும். காதுகள் இரண்டும் பக்கவாட்டில் படுத்தால் சரி. ஒன்று மேலும் ஒன்று கீழுமாக நின்றால் அது தாத்தே-முசுபி. நல்ல காரியத்துக்கு அதைப் போட மாட்டார்கள். ஓடிவிடவும் செய்யும், இறுகிப்போனால் பிரிக்கவும் முடியாது.

அவிழ்ப்பதில்தான் மா-முசுபியின் அருமை தெரியும். வலது காதைப் பிடித்து இடப்பக்கமாக இழுங்கள். அந்தக் காது எந்த முனையோ, அதன் அடித்துணியை மறு கையால் வலப்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். சட்டென்று அந்த முனை நேராகிவிடும், மற்ற முனை அதன்மேல் வெறும் வளையமாகச் சுற்றிக்கொண்டு நிற்கும். வளையத்தைப் பிடித்து உருவினால் கழன்று வந்துவிடும். எவ்வளவு இறுக்கிக் கட்டியிருந்தாலும் நகம் வைக்க வேண்டிய வேலையே இல்லை.

இதற்கு இவ்வளவு மெனக்கெடக் காரணம் உண்டு. முறைப்படி பார்த்தால், கொண்டுபோனவரே கட்டைப் பிரித்துப் பரிசை எடுத்து நீட்டிவிட்டு, துணியை மடித்துத் திரும்ப எடுத்துவர வேண்டும். நண்பர்களுக்குள் துணியையும் சேர்த்தே கொடுத்துவிடுகிறார்கள், அது வேறு. பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்து முடிச்சோடு மல்லுக்கட்டுவது நன்றாகவா இருக்கும்?

துணியைப் பற்றியும் சொல்லியே ஆக வேண்டும். மலிவாக வாங்கிய ஒரு பாலியெஸ்டர் துணி என்னை ரொம்பவே சோதித்தது. வழுவழுப்பு, நாலு பக்கமும் தடித்த மடிப்புத் தையல், காது படுக்கவே மாட்டேன் என்றது. ஒழுங்கான ஃபுரோஷிகியில் மேலும் கீழும் மட்டும்தான் மடித்துத் தைத்திருப்பார்கள். மற்ற இரண்டும் நெசவுக்கரை. வாங்குகிறபோது அந்த மூலையை விரலால் தடவிப் பாருங்கள். பாலியெஸ்டரே ஆகாது என்று சொல்ல மாட்டேன். 2006இல் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யூரிகோ கொய்கே அறிமுகப்படுத்திய 'மொத்தாயினாய் ஃபுரோஷிகி' பழைய பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து எடுத்த இழையில் நெய்ததுதான்.

ஆனால் சிரிமென் என்னும் சுருக்கப் பட்டு கையில் வந்தபிறகு எனக்கு வேறெதுவும் பிடிக்கவில்லை. ஊடுநூலைக் கடுமையாக முறுக்கி நெய்து, பிறகு பட்டின் பசையைக் கழுவி எடுக்கும்போது, முறுக்கு தளரப் பார்த்துத் துணி முழுக்கப் பொடிப்பொடியாகச் சுருக்கம் விழுகிறது. முடிச்சைப் பிடித்துவைப்பது அந்தச் சுருக்கம்தான். கியோத்தோவுக்கு வடக்கே தாங்கோவில் 1720இலிருந்து இதை நெய்கிறார்கள். பட்டு விலை கட்டுப்படியாகாதவர்கள் ரேயான் சிரிமென் பாருங்கள், பிடிப்பு ஏறக்குறைய அதேதான்.

பழைய துணி வேண்டுமென்றால் கியோத்தோவில் மாதாமாதம் 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தை, 25ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு கோயில் சந்தை. காலையிலேயே போய்விடுங்கள். பச்சையில் வெள்ளைக் கொடி ஓடும் கராகுசா துணி ஒன்று, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆனது, எனக்கு அங்கேதான் கிடைத்தது. 105 செ.மீ. இருக்கும். அதைப் பார்த்ததுமே தர்பூசணிதான் மனதில் ஓடியது: பக்கத்துப் பக்கத்து முனைகளை இரண்டிரண்டாகக் கட்டி, ஒரு வளையத்துக்குள் இன்னொன்றை நுழைத்துத் தூக்குகிற சுயிகா-சுத்சுமி. கியோத்தோ இருக்கும் கன்சாய்ப் பக்கம் ஓச்சூகென் என்னும் கோடைப் பரிசுக்காலம் ஜூலை நடுவில்தான் தொடங்கும், அவகாசம் இருக்கிறது.

முடிச்சே போடாமல் மடிக்கிற ஹிரா-சுத்சுமி இன்னும் பாதியில் நிற்கிறது. கடைசி மூலை உள்ளே போகும் இடத்தில் ஒரு புடைப்பு வருகிறது, எனக்குப் பிடிக்கவில்லை. துணியை இஸ்திரி போட்டு மறுபடி பார்க்கப்போகிறேன். தர்பூசணி அதற்கு அப்புறம்.