தன்னம்பிக்கை வகுப்பும் கையுறை அளவும்

அறிவியல், தொழில்நுட்பத் துறைகளில் பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள் என்று விவாதிக்கும் கூட்டங்களில், பேச்சு எங்கே தொடங்கினாலும் கடைசியில் தன்னம்பிக்கையில்தான் வந்து நிற்கிறது. பெண்கள் கூச்சத்தை விட வேண்டும், தயங்காமல் கேள்வி கேட்க வேண்டும், வாய்ப்புகளைத் தாமே கேட்டுப் பெற வேண்டும் என்று அறிவுரைகள் நீளுகின்றன. அவற்றில் தவறொன்றும் இல்லை என்றாலும் எனக்கு அவற்றின் மீது நெடுநாளாக எரிச்சல் உண்டு. முனைவர் பட்டம் வரை படித்து ஆய்வகத்துக்குள் வந்துவிட்ட பெண்ணிடம் துணிச்சல் போதவில்லை என்று சொல்வது, அந்த ஆய்வகம் யாரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது என்ற கேள்வியைத் தள்ளிப்போடுவதற்கு எளிய வழி.

லீஸ் மைட்னர் 1906-இல் வியன்னாவில் இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, மறு ஆண்டு பெர்லினுக்குச் சென்றார். அங்கே வேதியியலாளர் ஓட்டோ ஹானுடன் சேர்ந்து பணியாற்ற விரும்பிய வேதியியல் நிறுவனத்தில் பெண்களுக்கு அனுமதி இல்லை. நீண்ட பேச்சுக்குப் பிறகு, நிலவறையில் இருந்த பழைய தச்சுப் பட்டறை அவருக்கு ஒதுக்கப்பட்டது. தனி வாசல் வழியாக வந்து போக வேண்டும், மேல்தளத்து ஆய்வகங்களில் கால் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. கட்டடத்தில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லாததால் அருகிலிருந்த விடுதிக்குத்தான் அவர் போக வேண்டியிருந்தது. பெர்லின் அடங்கிய பிரஷ்ய மாநிலத்தின் பல்கலைக்கழகங்கள் 1908-இல் பெண்களுக்குத் திறக்கப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. அணுக்கருப் பிளவுக்குப் பின்னாளில் இயற்பியல் விளக்கம் தந்தவர்களில் ஒருவரான அவருக்குத் தன்னம்பிக்கை வகுப்பு எடுத்திருந்தால் அதில் என்ன சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இதைப் பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. அமெரிக்காவின் பாலோமர் வானோக்கு நிலையத்தில் 1965-இல் அதிகாரபூர்வ அனுமதியுடன் ஆய்வு செய்த முதல் பெண்ணான வானியலாளர் வேரா ரூபின், அங்கே ஆண்களுக்கான கழிப்பறை மட்டுமே இருப்பதைக் கண்டு, காகிதத்தில் ஒரு பாவாடையை வெட்டிக் கதவிலிருந்த உருவத்தின் மேல் ஒட்டினார். 2019 மார்ச் மாதம், பெண்கள் இருவர் மட்டும் சேர்ந்து மேற்கொள்ளவிருந்த முதல் விண்வெளி நடையை நாசா மாற்றியமைத்தது. இருவருக்கும் தேவைப்பட்ட நடுத்தர அளவு விண்வெளி உடை மேல்கவசத்தில் ஒன்று மட்டுமே பயன்படுத்தத் தயாராக இருந்தது. அந்த நடை அக்டோபர் 18-ஆம் தேதி கிறிஸ்டினா காக், ஜெசிகா மெயர் ஆகியோரால்தான் நிறைவேறியது.

விண்வெளி வரை போக வேண்டியதும் இல்லை. நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்த ஆய்வகத்தில் பெரிய அளவுக் கையுறைகள் மட்டுமே வாங்கப்பட்டன. விரல் நுனிக்கு மேல் எஞ்சும் ரப்பர் மடிந்து நிற்கும். சிறு குழாயின் மூடியை அழுத்தி மூடும்போது அந்த மடிப்பு உள்ளே சிக்கிக்கொள்ளும். இழுத்தால் கிழியும், மாதிரியும் கெடும். அதைப் பார்த்தவர்கள் எனக்குக் கைப்பக்குவம் போதவில்லை என்றார்கள். கொள்முதல் படிவத்தில் சிறிய அளவு என்று ஒரு வரி சேர்த்திருந்தால் தீர்ந்திருக்கும்.

கண்ணுக்குத் தெரியாத கட்டமைப்பு இதைவிடக் கடினமானது. இயற்பியலாளர் மரியா கெப்பர்ட் மேயர் 1930-இல் முனைவர் பட்டம் பெற்றவர். கணவரும் மனைவியும் ஒரே நிறுவனத்தில் ஊதியம் பெறக் கூடாது என்பது போன்ற விதிகளால், கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகங்களில் அவர் பல ஆண்டுகள் சம்பளமின்றியே உழைத்தார். அணுக்கருவுக்குள் துகள்கள் அடுக்கடுக்காக அமைந்திருப்பதை விளக்கும் கூடு மாதிரியை அவர் உருவாக்கியபோதும் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவருக்குச் சம்பளப் பதவி இல்லை. முழு ஊதியத்துடன் பேராசிரியர் பணி கிடைத்தது 1960-இல். நோபல் பரிசு வந்தது 1963-இல். அந்த விதியை எழுதியவர்கள் பெண்களை வெறுத்தவர்கள் என்றுகூடச் சொல்ல வேண்டியதில்லை. வேண்டியவர்களுக்கு வேலை கொடுப்பதைத் தடுக்க எழுதிய விதி, நடைமுறையில் மனைவிகளின் சம்பளத்தை மட்டும் தடுத்தது.

விதியால் வந்ததை விதியாலேயே சரிசெய்யவும் முடியும். ஹபிள் தொலைநோக்கியைப் பயன்படுத்தும் நேரத்தைக் கோரும் விண்ணப்பங்களில் விண்ணப்பதாரரின் பெயரை மதிப்பீட்டாளர்களிடமிருந்து 2018-இல் மறைத்தபோது, அந்தச் சுற்றில் பெண்கள் தலைமையிலான விண்ணப்பங்களின் வெற்றி விகிதம் ஆண்களுடையதைச் சற்றே விஞ்சியது. ஒரு சுற்றை வைத்து முடிவுகட்டக் கூடாதுதான். ஆயினும் அதற்காக எந்தப் பெண்ணும் உரக்கப் பேசக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. முனைவர் பட்டத்துக்குப் பிறகு குறுகிய கால ஒப்பந்தங்களில் அலைய வேண்டிய ஆண்டுகளும் குழந்தை பெறும் ஆண்டுகளும் ஒன்றாகவே வருவதால், ஐரோப்பிய ஆராய்ச்சி மன்றம் இளம் ஆய்வாளர்களுக்கான நிதிக்கு விண்ணப்பிக்கும் கால வரம்பைத் தாய்மார்களுக்கு ஒரு குழந்தைக்கு 18 மாதம் வீதம் நீட்டித்திருக்கிறது.

ஆகவே, வேலையில் சேரப்போகும் இளம் பெண்கள் என்னிடம் ஆலோசனை கேட்கும்போது, நேர்காணலில் எப்படி அமர வேண்டும் என்பதை நான் சொல்வதில்லை. மகப்பேறு விடுப்பில் போனால் ஒப்பந்த நாட்கள் ஓடிக்கொண்டிருக்குமா, நிறுத்திவைக்கப்படுமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்கிறேன்.