வீட்டு மரத்தை வெட்ட அனுமதி கேட்டபோது

என் முதல் விண்ணப்பத்தை மாநகராட்சி நிராகரித்தது. கடிதத்தில் ஒரே வரிதான்: மரத்தை அகற்றப் போதிய காரணம் காட்டப்படவில்லை. எனக்குக் கோபமான கோபம். எங்கள் இடம், எங்கள் மரம், விழுந்தால் பிள்ளைகள் படுக்கிற அறை மேல்தான் விழும். இரண்டு நாள் கழித்து, நான் என்னதான் எழுதினேன் என்று எடுத்துப் படித்துப் பார்த்தேன். இலை கொட்டிக் கூரைக் குழாய் அடைக்கிறது, சுவர் விரிசல் விட்டிருக்கிறது, மரம் சாய்ந்திருக்கிறது, காற்றடித்தால் பயமாக இருக்கிறது. எல்லாம் எங்கள் கஷ்டம். மரத்துக்கு என்ன கோளாறு என்று ஒரு வார்த்தை இல்லை.

இலைக்குக் குழாயைச் சுத்தம் செய்தால் போதும். விரிசலுக்கு வேர்தான் காரணம் என்றால் அஸ்திவாரத்தை ஒட்டித் தோண்டி வேரைக் காட்ட வேண்டும். களிமண் காய்ந்து சுருங்கினாலும் சுவர் வெடிக்கும். சாய்வைத்தான் பெரிதாக நினைத்திருந்தேன். வெளிச்சம் தேடிச் சாய்ந்து வளர்ந்த மரம் பல காலம் நிற்குமாம். சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புதிதாக மேடு தட்டி வெடித்திருந்தால்தான் ஆபத்து. எங்கள் மரத்தில் அது இல்லை.

இரண்டாம் முறை மர நிபுணர் ஒருவரை அழைத்தேன். நெஞ்சு உயரத்தில் டேப்பைச் சுற்றினார்: 198 செ.மீ. அதை 3.14-ஆல் வகுத்தால் விட்டம் 63 செ.மீ. பிறகு அடிமரத்தைச் சுற்றி மண்டியிட்டு, மரச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். 'டக் டக்' என்று கெட்டியாக வந்த சத்தம் வீட்டுப் பக்கம் வந்ததும் காலிப் பானையைத் தட்டியது போல மாறியது. அங்கே மண்ணோடு ஒட்டித் தட்டு மாதிரி ஒரு காளான், மேலே காபிப்பொடி நிறத்தில் தூள். கனோடெர்மா என்றார், அடிமரத்தையும் வேரையும் அழுக வைக்கும் பூஞ்சையாம். அதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். காய்ந்த பட்டை என்றே நினைத்திருந்தேன்.

மெல்லிய ஊசியைச் செலுத்தி, கட்டை எவ்வளவு எதிர்க்கிறது என்று வரைபடம் போடும் கருவியையும் வைத்துப் பார்த்தார். உள்ளே பொந்து விழுந்தாலும், ஆரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுற்றிலும் நல்ல கட்டை இருக்க வேண்டும் என்பது இந்தத் துறையில் பரவலாகச் சொல்லும் கணக்கு. எங்கள் மரத்துக்கு 10 செ.மீ. வேண்டும். வீட்டுப் பக்கம் இருந்தது 4.

அழுகல் எப்படி நுழைந்தது என்று கேட்டேன். அவர் முற்றத்துச் சிமெண்டைக் காட்டினார். எட்டு வருஷத்துக்கு முன் அதைப் போடும்போது குறுக்கே வந்த இரண்டு பெரிய வேர்களை நாங்களே வெட்டச் சொன்னோம். மரம் காயத்தை நம்மைப் போல ஆற்றிக்கொள்வதில்லை. தடுப்புகளை எழுப்பி அழுகலை ஓரிடத்தில் அடைத்து வைக்கப் பார்க்கிறது. ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1977-இல் இதை விளக்கினார். அத்தனை பெரிய வெட்டை எங்கள் மரத்தால் அடைக்க முடியவில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

விண்ணப்பத்தில் இம்முறை அறிக்கை, காளானின் படம், மரத்துக்கும் வீட்டுக்கும் இடைவெளி குறித்த வரைபடம் எல்லாம் வைத்தேன். 'மாற்று வழி ஏதும் பார்த்தீர்களா' என்ற கட்டத்தைப் போன தடவை காலியாக விட்டிருந்தேன். அதைத்தான் முதலில் பார்ப்பார்கள் போல. கிளையைக் குறைத்தால் ஏன் போதாது, கம்பி கட்டினால் ஏன் நிற்காது என்று எழுதினேன்: கோளாறு மேலே இல்லை, அடியில்.

ஆய்வாளர் வந்தார், பார்த்தார், அனுமதி கிடைத்தது. இரண்டு நிபந்தனைகள்: கூட்டில் குஞ்சு இருந்தால் அது பறக்கும் வரை வெட்டக் கூடாது, பதிலுக்கு இரண்டு கன்று நட வேண்டும். ஒரு கூட்டில் குஞ்சுகள் இருந்தன, மூன்று வாரம் காத்திருந்தோம்.

வெட்டிய அன்று அடிக்கட்டைக்குள் கை விட்டேன். ஈரப் பஞ்சு போல உதிர்ந்தது.

கன்றுகளை நடும் முன் முற்றத்துச் சிமெண்டைப் பாதிக்கு மேல் உடைத்து எடுத்துவிட்டோம். தண்டு வேராக விரியும் இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி நட்டிருக்கிறேன். ஒன்று துளிர் விட்டுவிட்டது.