கர்ப்ப காலத்தில் வைட்டமின் டி குறைபாடும் என் குழந்தையின் எடையும்

ஐந்தாம் மாதத்தில் இடுப்பு எலும்பிலும் கால்களிலும் வலி நீங்காமல் இருந்ததால், மருத்துவர் இரத்தத்தில் வைட்டமின் டி அளவைப் பார்த்துவிடலாம் என்றார். எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகச் செய்யப்படும் பரிசோதனை அல்ல இது. அறிகுறியோ வேறு காரணமோ இருந்தால்தான் எழுதிக் கொடுக்கிறார்கள். எனக்கு மில்லிலிட்டருக்கு 11 நானோகிராம் என்று முடிவு வந்தது. 20-க்குக் கீழே இருந்தால் குறைபாடு என்றே பெரும்பாலான மருத்துவர்கள் கொள்கிறார்கள். சென்னை வெயிலில் வாழ்பவளுக்கு இது எப்படி வந்தது என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். நண்பகல் வெயிலில் நான் வெளியே போவதே இல்லை. அலுவலகச் சன்னல் வழியாக வரும் வெயிலால் பயனில்லை, ஏனெனில் தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது.

வலியைவிட என்னை வாட்டியது குழந்தையைப் பற்றிய கவலைதான். தாய்க்கு இச்சத்து குறைந்தால் குழந்தை எடை குறைவாகப் பிறக்கும் என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டார். பல ஆய்வுகளில் இவ்விரண்டும் சேர்ந்தே காணப்பட்டிருப்பது உண்மை. ஆனால் வைட்டமின் டி குறைந்த தாய்க்குப் பெரும்பாலும் உணவிலும் வேறு குறைகள் இருக்கும்; இரத்தசோகையும் இருக்கலாம். அப்படியிருக்க, குழந்தையின் எடைக்குக் காரணம் எது என்று பிரித்தறிவது கடினம். இதை என் மருத்துவர் பொறுமையாக விளக்கியதோடு, டாக்காவில் 1,300 கர்ப்பிணிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வைப் பற்றியும் சொன்னார். அங்கே குறைபாடு மிகப் பரவலாக இருந்தது. ஒரு பிரிவினருக்கு ஒப்பீட்டுக்காக, வைட்டமின் டி இல்லாத வெற்று மருந்தும், மற்றவர்களுக்கு வாரத்துக்கு 4,200 முதல் 28,000 அலகு (IU) வரை வைட்டமின் டியும் கொடுத்தார்கள். தாய்மார்களின் இரத்த அளவு நன்றாக உயர்ந்தது. ஆனால் பிறந்தபோது குழந்தைகளின் எடையிலோ, ஓராண்டு நிறைவில் உயரத்திலோ குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் மாத்திரை எதற்கு என்று கேட்டேன். பிறக்கும் குழந்தை தன் வைட்டமின் டி இருப்பைத் தாயிடமிருந்தே பெறுகிறது, தாயிடம் மிகக் குறைவாக இருந்தால் பிறந்தபின் குழந்தையின் இரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து குறைய வாய்ப்புண்டு, என் எலும்புகளுக்கும் அது தேவை என்றார். இந்த விடை எனக்கு முழு நிறைவளித்தது. மருந்துக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 60,000 அலகுப் பொட்டலத்தை வாரந்தோறும் குடிக்கும்படி சிலர் யோசனை கூறினார்கள். மருத்துவர் அதை ஏற்காமல் நாள்தோறும் 2,000 அலகு மாத்திரையே எழுதினார். மருத்துவர் கண்காணிப்பின்றிக் கர்ப்பிணிகள் ஒரு நாளைக்கு 4,000 அலகைத் தாண்டக் கூடாது என்பதால், பொட்டலத்தைத் தாமாக வாங்கிக் குடிப்பவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருக்கிறது.

குழந்தையின் வளர்ச்சியை அறிய வளர்ச்சி ஸ்கேன்தான் உதவியது. தலைச் சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு எடையைக் கணிக்கிறார்கள். அக்கணிப்பு 10 முதல் 15 சதவீதம் வரை முன்பின்னாக இருக்கலாம் என்பதால், ஒரே ஸ்கேனில் வரும் எண்ணைவிட, அடுத்தடுத்த ஸ்கேன்களில் வளர்ச்சி சீராக ஏறுகிறதா என்பதையே மருத்துவர் பார்த்தார். இரும்புச் சத்து மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் வெவ்வேறு வேளைகளில் சாப்பிடச் சொன்னதையும், முட்டை, பருப்பு, பால் ஆகியவற்றை விடாமல் சேர்த்துக்கொள்ளச் சொன்னதையும் நான் தவறாமல் கடைப்பிடித்தேன்.

மகள் 2.8 கிலோ எடையுடன் பிறந்தாள். 2.5 கிலோவுக்குக் கீழே இருந்தால்தான் எடை குறைவு என்று கணக்கிடுகிறார்கள். மாத்திரையால்தான் இந்த எடை வந்தது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. அப்படிச் சொல்ல எனக்கு ஆதாரம் இல்லை. தாய்ப்பாலில் வைட்டமின் டி மிகக் குறைவு என்பதால், அவளுக்கு நாள்தோறும் 400 அலகுச் சொட்டு மருந்து கொடுத்து வருகிறேன். ஒரு மில்லிலிட்டரில் 400 அலகு உள்ள புட்டியும் 800 அலகு உள்ள புட்டியும் கடையில் இருப்பதால், புதிய புட்டி வாங்கும் ஒவ்வொரு முறையும் அதில் அச்சிட்டுள்ள அளவைப் படித்த பிறகே கொடுக்கிறேன்.