மூன்றாவது பத்தியில் அப்பாயி

தாத்தா நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறினார், சிங்கப்பூர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி மிச்சமிருந்தது இவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு விக்டோரியா தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தின் 11ஆவது மாடிக்குப் போனேன்.

கிளம்புவதற்கு முன்பே நூலகத்தின் இணையத் தொகுப்பில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் இதழ்களைத் துழாவியிருந்தேன். ராஜூலா வந்த நாள், போன நாள் எல்லாம் கப்பல் செய்திகளில் கிடைக்கின்றன. டெக்கில் படுத்து வந்தவர்களின் பெயர்கள் இல்லை. உழைப்பாளியின் பெயர் ஆங்கிலப் பத்திரிகையில் ஏற வேண்டுமென்றால் விபத்து நடக்க வேண்டும், இல்லையென்றால் வழக்கு வர வேண்டும். அதிலும் கோவிந்தசாமி ஒரு நாள் கோவிண்டசாமியாக இருப்பார், மறுநாள் கோவின்சாமியாகிவிடுவார். ஒரே எழுத்துக்கூட்டலில் தேடுகிறவருக்கு ஆள் கிடைக்கவே மாட்டார்.

சரி, தமிழ்ப் பத்திரிகைக்கு வருவோம் என்று 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் மைக்ரோபிலிம் சுருள்களைக் கேட்டு வாங்கினேன். இரண்டு நாள் ஒன்றும் அகப்படவில்லை. ஆனாலும் அலுக்கவில்லை. ஊரிலிருந்து வந்தவரைத் தேடும் அறிவிப்புகள், மரண அறிவிப்புகள், சங்கக் கூட்டங்கள் என்று ஒவ்வொரு பக்கத்திலும் யாராவது ஒருவருடைய தாத்தா இருந்தார்.

மூன்றாம் நாள் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதிப் பட்டியல் கண்ணில் பட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் வேண்டும் என்று 1950களில் சாரங்கபாணி திரட்டிய நிதி அது. தலைக்கு ஒரு வெள்ளி, அதாவது ஒரு மலாயா டாலர், கேட்டார். கொடுத்தவர்களின் பெயர்கள் பொடி எழுத்தில் பத்தி பத்தியாக ஓடின. மை இழுவிக் கிடந்த மூன்றாவது பத்தியில் தாத்தா பெயர், பக்கத்தில் ‘துறைமுகம்’, ஒரு வெள்ளி. பெரிதாக்கும் குமிழைத் திருகினேன். அடுத்த வரியில் அப்பாயி பெயர், அதற்கும் ஒரு வெள்ளி.

அப்பாயி கடல் தாண்டியதே இல்லை. ‘அவருக்கு என் நெனப்பே கெடையாது’ என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவர். வேறு யாரோ அதே பெயரில் இருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது. தலைப்பெழுத்து, ஊர்ப் பெயர் இரண்டையும் எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். எங்கள் ஊரேதான்.

பிரதி எடுத்துக்கொண்டு வெளியே வந்ததும் அத்தையை அழைத்தேன். வரி வரியாக வாசித்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

“ஒரு வெள்ளின்னா அப்ப நம்ம காசுக்கு எவ்வளவுடா?”

“ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேல, அத்தை.”

“அம்மா பேரு இருக்கிற வரிய இன்னொரு தடவை படி.”

படித்தேன்.