ஆவுளியாவின் மூச்சும் முக்கால் விநாடியும்: ஷோ கன்ட்ரோல் நிறுவிய அனுபவம்

மண்டபத்துக்கு இப்புறம், பாக் விரிகுடாவைப் பார்த்த கரையில் நாங்கள் நடத்தும் சிறிய காட்சிக்கூடத்தில், விளக்கு, ஒலி, அசைவு எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து நேரம் பிசகாமல் இயக்கும் ஷோ கன்ட்ரோல் அமைப்பை நிறுவி முடிக்க ஏழு மாதங்கள் ஆயின. ஒப்பந்தத்தில் இருந்ததோ இரண்டே மாதங்கள். தீம் பார்க்குகளுக்கென்றே இத்தகைய கருவிகளை உருவாக்கும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கினோம். கருவியின் தரத்தில் எனக்கு இன்றும் குறை இல்லை. சரிபார்க்கப்படாத ஒரு சான்றிதழாலும், யாரும் எழுதி வைக்காத ஓர் எண்ணாலும் மீதி மாதங்கள் கரைந்தன. இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

காட்சியின் நீளம் 14 நிமிடம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் முதற்பாதி. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும், எங்கள் பக்கத்து மீனவர்கள் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசுவும் இரண்டாம் பாதி. விளக்குகள், ஒலி, புகைக்கருவி, மூன்று ப்ரொஜெக்டர்கள், தொட்டி நீரிலிருந்து எழுந்து மூச்சுவிடும் இயந்திரக் கடற்பசு ஆகிய அனைத்தும் ஒரே பொத்தானுக்குக் கட்டுப்பட வேண்டும். இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கியது, வங்கி வழியே முன்பணம் அனுப்பியது, மின் இணைப்பின் சுமையை உயர்த்தியது எல்லாம் சிரமமின்றி முடிந்தன.

சரக்கு வந்து இறங்கியதும் சிக்கல் தொடங்கியது. கட்டுப்பாட்டுப் பெட்டியோடு வைஃபை தொடுதிரை ஒன்றும் வந்திருந்தது. வைஃபை போல உரிமம் தேவைப்படாத அலைவரிசையில் இயங்கும் கம்பியில்லாக் கருவியை இறக்குமதி செய்ய, தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு தரும் ஈ.டி.ஏ. என்ற கருவி ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும். நிறுவனமும் அதை அனுப்பியிருந்தது. ஆனால் சான்றிதழில் இருந்த மாடல் எண்ணுக்கும் பெட்டியின் மேல் ஒட்டியிருந்த எண்ணுக்கும் இடையே, கடைசியில் ஓர் எழுத்து வேறுபட்டது. பழைய மாடலுக்கு வாங்கிய சான்றிதழைப் புதிய மாடலுக்கு அனுப்பிவிட்டார்கள்.

என்னை இன்றும் வருத்துவது அந்த எழுத்து அன்று. தொலைபேசியில் கேட்டபோது சுங்க அலுவலக எழுத்தர், நிறுவன முத்திரையுடன் அங்கீகாரக் கடிதம் மட்டும் கொண்டு வந்தால் போதும் என்றார். ராமநாதபுரத்திலிருந்து இரவு ரயிலில் புறப்பட்டுப் போய், காலை பத்து மணி முதல் மூன்று மணி வரை காத்திருந்து கடிதத்தை நீட்டிய பிறகுதான், மாடல் எண் பொருந்தவில்லை என்ற ஆட்சேபம் நான்கு நாள்களுக்கு முன்பே கணினியில் பதிவாகியிருப்பதை அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். சரக்கை விடுவிக்க நாங்கள் அமர்த்திய முகவரும் அதைப் பார்த்திருக்கவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். புதிய சோதனை அறிக்கை வந்து, சான்றிதழ் பெற்று, சரக்கை எடுக்க மேலும் 21 நாள்கள் ஆயின. சரக்கை எடுக்கத் தாமதமானால் கட்ட வேண்டிய டெமரேஜ் கட்டணம் ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருந்தது. சரக்கு புறப்படுவதற்கு முன்பே பெட்டியின் மேலுள்ள எண்ணைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். முகவரிடம் ஆட்சேபப் பக்கத்தைத் தினமும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கம்பி இழுக்கும் வேலையில் பிழை எங்களுடையது. விளக்குகளுக்குக் கட்டளை அனுப்பும் டி.எம்.எக்ஸ். 512 முறை 1986இல் அமெரிக்க நாடகத் தொழில்நுட்பச் சங்கம் வகுத்தது. ஒரு கம்பியில் 512 சேனல்கள். ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்கு என்று சங்கிலியாகவே அது போக வேண்டும். எங்கள் மின்பணியாளர் வீட்டு வயரிங்கைப் போல நடுவில் கிளை பிரித்துவிட்டார். புயல் காட்சியின் நடுவே தேவையில்லாமல் விளக்குகள் துடித்தன. கிளைகளை நீக்கிச் சங்கிலியாக்கி, கடைசி விளக்கின் இரண்டாம், மூன்றாம் ஊசிகளுக்கு இடையே 120 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்ததும் துடிப்பு அடியோடு நின்றது. ராமநாதபுரம் கடைத்தெருவில் சில ரூபாய்க்குக் கிடைத்த பொருள் அது. அன்று மாலை நாங்கள் அனைவரும் இருமுறை முழுக் காட்சியையும் ஓடவிட்டுப் பார்த்து மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஒத்திகை பார்க்க வந்திருந்த பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் ஒருவர், காட்சி முடிந்ததும் என்னைத் தனியே அழைத்து, “தம்பி, ஆவுளியா மூக்கத் தெறக்கையிலயே புஸ்ஸுன்னு சத்தம் கேட்டுரும். இங்க மூக்கு மொதல்ல தெறக்குது, சத்தம் பொறவு வருது” என்றார். மின்னலும் இடிக்கு முன் விழுந்துகொண்டுதான் இருந்தது. மின்னல் முந்துவது இயல்புதானே என்று நாங்கள் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தோம்.

நிறுவனத்தின் தொலைதூரப் பொறியாளரிடம் சொன்னோம். ஒலிபெருக்கி தொலைவில் இருப்பதால் ஒலி தாமதமாகிறது என்று பதில் வந்தது. மூன்று வாரங்கள் இதே பதிலைச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும்; எங்கள் கூடத்தில் கடைசி இருக்கை 20 மீட்டரில் இருக்கிறது; அந்தத் தொலைவு ஒரு விநாடியில் பதினாறில் ஒரு பங்குத் தாமதத்தைக்கூடத் தராது என்று எழுதினேன். அதே பதில்தான் மீண்டும் வந்தது.

பிறகு கைப்பேசியில் மெதுவோட்டப் படமாக முழுக் காட்சியையும் எடுத்து, ஒவ்வொரு நிகழ்விலும் ஒளிக்கும் ஒலிக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். தொடக்கத்தில் இடைவெளி இல்லை. ஏழாம் நிமிடத்தில் 0.4 விநாடி. பதின்மூன்றாம் நிமிடத்தில், கடற்பசு மூச்சுவிடும் இடத்தில், 0.78 விநாடி. தொலைவினால் வரும் தாமதம் காட்சி முழுவதும் ஒரே அளவாக இருக்கும். இது நேரத்தோடு சேர்ந்து வளர்ந்தது. 780 விநாடிக்கு 0.78 என்றால் ஆயிரத்தில் ஒன்று. அந்த விகிதத்தைக் கண்டதும், விநாடியை ஃபிரேம்களாகப் (படச்சட்டங்களாகப்) பிரித்து எண்ணிக் கருவிகளை நேரத்தில் இணைக்கும் டைம்கோடுதான் காரணம் என்று உறுதியாயிற்று. 1953இல் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது விநாடிக்கு 30 ஃபிரேம் என்பதை 29.97 ஆகக் குறைத்தார்கள். எங்கள் ஒலித்தடத்தைத் தயாரித்த ஸ்டூடியோ தன் நேரப் பட்டியலை 29.97இல் எழுதியிருந்தது, கட்டுப்பாட்டுப் பெட்டி அதே எண்களை 30 என்று எண்ணிக்கொண்டு, தொடக்கக் கட்டளையைப் பெற்றபின் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடியது. எனவே ஒளியும் அசைவும் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்திக்கொண்டே போயின.

அளவுகளை அட்டவணையாக அனுப்பிய மறுநாளே வேறொரு பொறியாளர் பேசினார். இரண்டு மணி நேரத்தில் ஒப்புக்கொண்டார். நேரப் பட்டியல் முழுவதையும் 25 ஃபிரேமுக்கு மாற்றி, ஒலிக்கருவியே டைம்கோடை அனுப்ப, பெட்டி அதைப் பின்தொடர்ந்து ஓடும்படி அமைத்தார்கள். ஒப்பந்தத்தில் ஃபிரேம் எண்ணையும், எந்தக் கருவி டைம்கோடுக்குத் தலைமை என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்கியிருந்தால் இந்த அலைச்சலே இருந்திருக்காது. ஸ்டூடியோவுக்கும் அதே எண் எழுத்தில் போக வேண்டும்.

உப்புக்காற்றைப் பற்றி ஒரு சொல். வாடைக்காற்று வீசிய இரண்டு மாதங்களில் வெளிப்புற இணைப்பிகளின் ஊசிகள் பச்சை பூத்தன. வெளியில் வைக்கும் பெட்டிகள் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் தூசியும் பீய்ச்சும் நீரும் புகாத ஐ.பி. 66 அளவிலும் இருக்கட்டும்; கம்பி நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கத்தில் மட்டும் விடுங்கள்.

அவசர நிறுத்தப் பொத்தானைக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் மென்பொருள் வழியாகவே இணைத்து நிறுவனம் வரைபடம் கொடுத்திருந்தது. தொட்டியின் விளிம்பில் குழந்தைகள் நிற்பார்கள். பெட்டி உறைந்து நின்றாலும் மின்சாரமும் காற்றழுத்தமும் அந்தக் கணமே அறுபட வேண்டும் என்று வாதிட்டுத் தனி ரிலே, தனிக் கம்பி என்று மாற்ற வைத்தோம். பொத்தான் அழுத்தப்பட்ட செய்தி மட்டும் இப்போது பெட்டிக்குப் போகிறது. இதில் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காட்சி இப்போது நாளுக்கு ஆறு முறை ஓடுகிறது. பெரியவர் தம் பேரப்பிள்ளைகளுடன் வந்து பார்த்துவிட்டு, மூச்சு சரியாக இருக்கிறது என்றார். மாற்றியமைத்த அவசர நிறுத்தத்தின் கையொப்பமிட்ட வரைபடம் இன்னும் வரவில்லை. அது வந்து சேரும் வரை நிறுவனத்துக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை நாங்கள் அனுப்பப் போவதில்லை.